இசைத்தட்டு முதல் இறுவட்டு வரை: முன்பெருக்கி என்னும் பெட்டியின் கதை

வீட்டில் ஸ்டீரியோக் கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். இசைத்தட்டுச் சுழலியைப் பற்றியும் பேசுவார்கள். இரண்டுக்கும் இடையே அலுமாரித் தட்டில் அமர்ந்திருக்கும் முன்பெருக்கியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கடைக்காரர்கள் இதனைப் 'பிறீ அம்ப்' என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது தனிப் பெட்டியாகவும் இருப்பதில்லை. வலுப்பெருக்கியோடு ஒரே கூட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அதன் வேலையைச் சொல்வது எளிது. இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா, இறுவட்டு என்று பல வாசல்களால் வரும் சமிக்ஞைகளை ஏற்று, அவற்றின் வலிமையையும் இயல்பையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, ஒலிபெருக்கிகளை இயக்கும் வலுப்பெருக்கியிடம் ஒப்படைப்பதே அது. ஆனால் இந்த மூலங்கள் எல்லாம் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நிறுவனங்களால், பெரும்பாலும் ஒன்றையொன்று கலந்தாலோசிக்காமல் உருவாக்கப்பட்டவை. அவர்களுக்கிடையே இருந்த முரண்பாடுகளைத் தீர்க்கும் பொறுப்பு, கேட்பவனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பொறுப்பைச் சுமந்த பெட்டியே முன்பெருக்கி.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் பரந்து வாழும் எமது மக்களின் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் கணினிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அறியாமல் மாற்றினால், பிழையான குரலே வருங்காலத்துக்கு எஞ்சும்.

வரிப்பள்ளத்தின் இக்கட்டு

1925ஆம் ஆண்டளவில் இசைத்தட்டுப் பதிவு மின்சார முறைக்கு மாறியது. அதற்கு முன்னர் பாடகர் ஒரு கூம்புக்குள் பாட, அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. ஒலிவாங்கியும் வால்வுப் பெருக்கியும் வந்த பின்னர், முன்பு பிடிபடாத தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் பதிவாகத் தொடங்கின. அதனோடு இரண்டு சிக்கல்களும் வந்தன.

முதலாவது, தாழ்ந்த ஒலிகள் பற்றியது. ஒலியின் மீடிறன், அதாவது அதிர்வெண், பாதியாகக் குறையும்போது, அதே அளவு சமிக்ஞையைப் பெற ஊசி பக்கவாட்டில் இரு மடங்கு தூரம் அசையவேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியை உள்ளவாறே வெட்டினால் ஒரு வரிப்பள்ளம் அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அதைத் தவிர்க்கப் பள்ளங்களை விலக்கி வெட்டினால் தட்டில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். ஆகவே பதிவு செய்யும்போது தாழ்ந்த ஒலிகளைத் திட்டமிட்டுக் குறைத்தார்கள்.

இரண்டாவது, தட்டின் மேற்பரப்பிலிருந்து எழும் இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற அந்த ஒலி, உயர்ந்த மீடிறன்களில் அதிகமாகக் காதில் விழும். எனவே உயர்ந்த ஒலிகளைக் கூட்டிப் பதிந்து, திரும்ப ஒலிக்கும்போது அதே அளவு குறைக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. குறைக்கும்போது இரைச்சலும் கூடவே குறைந்துவிடும்.

ஆக, இசைத்தட்டில் இருப்பது பாடகரின் குரல் அப்படியே அல்ல. ஒரு விதியின்படி மடித்து வைக்கப்பட்ட குரல். எந்த மடிப்பில் மடித்தார்களோ அதே மடிப்பில் விரித்தால்தான் சேலை கசங்காமல் வரும். அந்த விரிக்கும் வேலைக்கே சமப்படுத்தல் என்று பெயர்.

நிறுவனத்துக்கு ஒரு விதி

துரதிர்ஷ்டம் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மடிப்பை வைத்திருந்தது. தாழ்ந்த ஒலிகளை எந்த மீடிறனிலிருந்து குறைப்பது, உயர்ந்த ஒலிகளை எவ்வளவு கூட்டுவது என்பவற்றில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் நீண்டநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 தடவை சுழலும் சிறிய தட்டுடன் போட்டிக்கு வந்தது. சுழற்சி வேகத்தில் நடந்த இந்தப் போட்டி பலருக்கும் தெரியும். வெளியே தெரியாத போட்டி வளைகோடுகளில் நடந்தது. கொலம்பியாவின் நீண்டநேரத் தட்டுகளை ஒலிக்கும்போது 10,000 ஹேர்ட்ஸில் 16 டெசிபல் குறைக்கவேண்டியிருந்தது. அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கம் 1951இல் முன்வைத்த விதியின்படி 12 டெசிபல் போதும். தாழ்ந்த ஒலிகளின் திருப்புமுனை கொலம்பியாவுக்கு 500 ஹேர்ட்ஸ், சங்கத்தின் விதிக்கு 400 ஹேர்ட்ஸ்.

எந்தத் தட்டு எந்த விதிப்படி வெட்டப்பட்டது என்று உறையில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நல்ல ஒலியை விரும்பியவன் தானே அறிந்து, தானே திருத்திக்கொள்ளவேண்டியிருந்தது. எனவேதான் 1950களின் தொடக்கத்தில் வந்த முன்பெருக்கிகளின் முகப்பில் அத்தனை குமிழ்கள். நியூயோர்க்கில் வரைகலை வடிவமைப்பாளராக இருந்த சோல் மராண்ட்ஸ், தமது இசைத்தட்டுகளைச் சரியாகக் கேட்கும் ஆவலில் வீட்டிலேயே ஒரு முன்பெருக்கியை உருவாக்கினார். அதுவே 'ஓடியோ கொன்சொலெட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, அவர் பெயரிலான நிறுவனத்துக்கு அடித்தளமானது. தாழ்ந்த ஒலிக்கு ஒரு குமிழும் உயர்ந்த ஒலிக்கு ஒரு குமிழும் வைத்து, பல விதிகளுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. பிரித்தானியாவில் பீட்டர் வோக்கரின் குவாட் நிறுவனம் 1953இல் வெளியிட்ட முன்பெருக்கியில், தட்டின் விதியைத் தெரிவு செய்ய அழுத்து பொத்தான்கள் இருந்தன.

1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற் சங்கம், ஆர்.சி.ஏ. விக்டர் அதற்கு முந்திய ஆண்டுகளில் கைக்கொண்ட விதியைப் பொது விதியாக ஏற்றது. சங்கத்தின் முதலெழுத்துகளால் அது 'ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு' எனப்படுகிறது. அதன்படி ஒலிக்கும்போது, 1000 ஹேர்ட்ஸை நடுவாகக் கொண்டால், 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபல் கூட்டவும் 20,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைக்கவும் வேண்டும். இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை வோல்ற் கணக்கில் சொன்னால் சுமார் 90 மடங்கு. இன்று வெளிவரும் நீண்டநேரத் தட்டுகளுக்கும் இதுவே விதி. 1958இல் ஸ்டீரியோத் தட்டுகள் கடைக்கு வந்தபோது விதி ஒன்றாகியிருந்ததால், முன்பெருக்கி முகப்பிலிருந்த அந்தக் குமிழ்கள் படிப்படியாக மறைந்தன. இடது, வலது பக்கங்களைச் சமப்படுத்தும் குமிழ் வந்து சேர்ந்தது.

வலிமையில் ஏற்றத்தாழ்வு

வளைகோட்டுச் சண்டை ஓய்ந்தாலும் வலிமைச் சண்டை ஓயவில்லை. சுழலியின் முனையிலுள்ள காந்த வகைப் பிக்கப் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ற் மட்டுமே. அதற்கு 47 கிலோ ஓம் தடையுள்ள தனி வாசலும், சுமார் 100 மடங்கு பெருக்கமும், மேற்சொன்ன சமப்படுத்தலும் வேண்டும். 'போனோ' என்று பெயரிடப்பட்ட வாசல் அதற்கென்றே உள்ளது.

மலிவான சுழலிகளிலும் வானொலியும் இசைத்தட்டும் ஒரே மேசையில் அமைந்த றேடியோக்கிராம்களிலும் இருந்தது படிக அல்லது பீங்கான் வகைப் பிக்கப். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ற் தரும். அதன் இயல்பே தட்டின் மடிப்பை ஓரளவு விரித்துவிடுவதால், தனிச் சமப்படுத்தல் சுற்று இல்லாமலே கேட்கக்கூடியதாக இருந்தது. எமது வீட்டுக் கூடங்களில் இருந்த றேடியோக்கிராம்களின் சொந்தக்காரர்கள் இந்தச் சிக்கல்களை அறியாமலே இசை கேட்டார்கள் என்றால், பொருத்தமெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்திருந்தது என்பதுதான் காரணம்.

தனித்தனிக் கருவிகளை வாங்கி இணைக்கத் தொடங்கியபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. வானொலி வாங்கிக்கும் நாடாக் கருவிக்கும் 1970களின் பெருக்கிகள் பொதுவாக 150 மில்லிவோல்ற்றை எதிர்பார்த்தன. ஐரோப்பியக் கருவிகளில் ஜேர்மன் தர நிர்ணயப்படி அமைந்த ஐந்து ஊசி வட்டச் செருகி இருந்தது. ஜப்பானிய, அமெரிக்கக் கருவிகளில் இருந்ததோ ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஒற்றை முனைச் செருகி. வடத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஐரோப்பியப் பெருக்கியின் பதிவு முனை மிகச் சிறிய சமிக்ஞையையே தரும். அதை ஜப்பானிய நாடாக் கருவியில் இணைத்தால் பதிவுக் குமிழைக் கடைசிவரை திருப்பவேண்டியிருக்கும். குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் பதிவாகும்.

1982 ஒக்ரோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டுக் கருவி, 2 வோல்ற் வரை தந்தது. பழைய பெருக்கிகள் எதிர்பார்த்ததைவிட 13 மடங்கு அதிகம். வானொலியிலிருந்து இறுவட்டுக்கு மாற்றியதும் வீடே அதிர்ந்தது இதனால்தான். இறுவட்டைத் தவறுதலாகப் 'போனோ' வாசலில் செருகினால் 5 மில்லிவோல்ற்றுக்காகக் காத்திருக்கும் சுற்றுக்குள் அதைப்போல் 400 மடங்கு புகும். கேட்பது இசையாக இராது.

இங்கே காதின் பலவீனம் ஒன்றையும் சொல்லவேண்டும். இரண்டு ஒலிகளில் சற்று உரத்து ஒலிப்பதையே மனிதக் காது சிறந்தது என்று தீர்ப்பளிக்கும். இரண்டு மூலங்களை ஒப்பிட விரும்பினால் முதலில் அவற்றின் உரப்பைச் சமப்படுத்தவேண்டும். சில முன்பெருக்கிகள் பின்புறத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் சிறு திருகி வைத்தது இதற்காகவே. வாசல் போதவில்லை என்று இரண்டு கருவிகளின் வெளியீடுகளை ஒரே வடத்தில் முடிச்சுப் போடுவதும் தகாது. ஒன்றின் சமிக்ஞை மற்றதன் வெளியீட்டுக்குள் பாய்ந்து இரண்டும் கெடும். தெரிவுக் குமிழ் ஒரு நேரத்தில் ஒரு வாசலை மட்டும் திறப்பதன் காரணம் அதுதான்.

உரப்பை ஒரே அளவுகோலில் அளக்கும் சர்வதேச முறை 2006இலும், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை 2010இலும் வந்தன. இசைத்தட்டு விதி ஒன்றாகி அரை நூற்றாண்டுக்குப் பிறகே உரப்பில் இந்த உடன்பாடு ஏற்பட்டது.

குமிழ்களின் ஆட்சி

சமப்படுத்தல் ஒருபுறம் விதி. மறுபுறம் விருப்பம். 1952 ஒக்ரோபரில் 'வயர்லஸ் வேர்ல்ட்' என்ற பிரித்தானிய சஞ்சிகையில் பீட்டர் பக்ஸாண்டல் என்ற பொறியியலாளர், பேஸ், ட்ரெபிள் எனப்படும் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் எளிய சுற்று ஒன்றை வெளியிட்டார். உலகமெங்கும் கோடிக்கணக்கான வானொலிகளிலும் பெருக்கிகளிலும் இடம்பெற்றது அந்தச் சுற்று அல்லது அதன் வழித்தோன்றல். பின்னர் 1970களிலும் 80களிலும், ஒலியைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்த்தி வைத்த ஈகுவலைசர்கள் வீடுகளுக்கு வந்தன. அறையின் எதிரொலியைத் திருத்துவதற்கு அவை உண்மையில் பயன்படும். சிவப்பு, பச்சை விளக்குகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காக வாங்கியவர்களும் உண்டு.

ஈகுவலைசரை முன்பெருக்கியின் நாடாச் சுற்று வழியில் இணைப்பதே வழக்கம். அதில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. நாடாவுக்குப் போகும் பாதையில் அது குறுக்கிட்டால், கேட்பவனின் விருப்பமும் நாடாவில் பதிவாகிவிடும். பேஸ் குமிழை நாளை திருப்பிக்கொள்ளலாம். நாடாவில் ஏறிய பேஸை அப்படி எடுத்துவிட இயலாது.

எமது தேசத்துக்கு வந்தபோது

இலங்கையில் வானொலியின் பிறப்பே இசைத்தட்டோடு தொடர்புடையது. 1923இல் எட்வர்ட் ஹார்ப்பரின் தலைமையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களிலிருந்து ஓர் ஒலிபரப்பியை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலக அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கை வானொலி கடல் கடந்தும் கேட்கப்பட்டதற்கு அதன் இசைத்தட்டு நூலகமும் ஒரு காரணம்.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. வீட்டில் பழுதான கருவியைத் திருத்தித் திருத்திப் பாவித்த காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கருவிகள் கடைகளில் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றவர்களும் தோளில் சுமந்து வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பல தோன்றின. பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தால், இசைத்தட்டுகளிலிருந்து கசற்றில் பதிந்து தருவார்கள்.

அத்தகைய கூடங்கள் சிலவற்றினுள் நின்று அவர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சுழலிகளும் நாடாக் கருவிகளும் ஒரு பெருக்கியைச் சுற்றி நிற்கும். நடுவில் ஈகுவலைசர் ஒளிரும். அதன் நகர்த்திகள் இரு ஓரங்களிலும் மேலே ஏறி, நடுவில் இறங்கி, தோணி போன்று நிற்கும். வாடிக்கையாளருக்குப் பேஸ் வேண்டும், கணீரென்றும் இருக்கவேண்டும். மனிதக் குரல் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கிறது என்பது அந்த வேகத்தில் யாருக்கும் பொருட்டாகத் தெரியவில்லை. எங்களில் பலர் மனப்பாடமாக அறிந்த பாடல்களை அந்தத் தோணி வடிவத்திலேயே அறிந்திருக்கிறோம்.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 இடப்பெயர்வில், தட்டுகளையும் நாடாக்களையும் யார் தூக்கிக்கொண்டு நடப்பது? 1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது எத்தனை நூல்கள் அழிந்தன என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. வீடுகளில் அழிந்த குரல்களுக்குக் கணக்கு இல்லை.

எஞ்சியவற்றை என்ன செய்வது?

எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் புகழ்பெற்ற தோடியும் நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் தட்டில் வந்ததே. இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி 1954ஆம் ஆண்டு விதிக்கு முற்பட்டவை. பிரித்தானிய முறையில் வெட்டப்பட்ட அக்காலத் தட்டுகளில் தாழ்ந்த ஒலிகளின் திருப்புமுனை 250 முதல் 300 ஹேர்ட்ஸ் அளவில் இருந்தது. உயர்ந்த ஒலிகளைக் கூட்டும் வழக்கம் அவற்றில் பெரும்பாலும் இல்லை. இன்றைய 'போனோ' வாசலில் அவற்றை ஒலித்தால் என்ன நடக்கும்? கூட்டப்படாத உயர்ந்த ஒலிகளைப் பெட்டி குறைத்துவிடும். தாழ்ந்த ஒலிகளைத் தேவைக்கு மேல் கூட்டிவிடும். உச்சஸ்தாயியில் சஞ்சரித்த கிட்டப்பா, வாயைப் பொத்திக்கொண்டு பாடியவர் போலக் கேட்பார். 'பழைய தட்டு அப்படித்தான் இருக்கும்' என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். குறை தட்டில் இல்லை.

இப்போது கணினியோடு நேரடியாக இணைக்கும் சுழலிகள் வருகின்றன. அவற்றுள் பலவற்றில் ஆர்.ஐ.ஏ.ஏ. சமப்படுத்தல் உள்ளேயே உண்டு. பின்புறத்தில் அதனை நிறுத்தும் ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒருமுறையும் பெருக்கியின் 'போனோ' வாசலில் மறுமுறையும் சமப்படுத்தினால் எஞ்சுவது வெறும் முழக்கம். 78 சுழற்சித் தட்டுக்கு ஊசியும் வேறு. நீண்டநேரத் தட்டின் நுண்ணிய ஊசி அதன் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் உழும்.

கசற்றுகளுக்கும் விதி உண்டு. சாதாரண இரும்பு ஒட்சைட்டு நாடாவுக்கு 120 மைக்ரோ செக்கன், குரோம் நாடாவுக்கு 70 என்று இருவகைச் சமப்படுத்தல் இருக்கிறது. டொல்பி முறையில் பதிந்ததை டொல்பி இன்றி ஒலித்தால் கூர்மை மிகும். டொல்பி இன்றிப் பதிந்ததை டொல்பியோடு ஒலித்தால் மங்கும். வெளிநாடுகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய கசற்றுகள் எத்தனையோ வீடுகளில் உள்ளன. மறைந்த தாயின் குரல் அதில் மட்டும் இருக்கக்கூடும்.

என் வேண்டுகோள் இதுதான். மாற்றும்போது ஈகுவலைசரை விலக்குங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் நிறுத்துங்கள். வசதி இருப்பின், இசைத்தட்டை எந்தச் சமப்படுத்தலும் இன்றிப் பதிந்து, உரிய வளைகோட்டைப் பின்னர் கணினியில் இடுங்கள். கேட்பதற்கு இனிமையாகத் திருத்திய பிரதியையும் செய்யலாம், ஆனால் மூலப் பிரதியை அழித்துவிடாதீர்கள். பத்திரிகை அலுவலகத்தில் நாம் எவ்வளவு வெட்டித் திருத்தினாலும், நிருபர் எழுதிய மூலத்தைக் கம்பியில் குத்தி வைப்போம். சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்போம். ஒலிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். எந்தக் கருவியில், எந்த ஊசியால், எந்த வாசல் வழியாக, எந்தத் திகதியில் மாற்றினோம் என்பதை ஒரு தாளில் எழுதி அந்தத் தட்டின் உறைக்குள் வைத்துவிடுங்கள். நமக்குப் பின் வருபவர் அதைக்கொண்டு சரியாக விரித்துக்கொள்வார்.